கொடைக்கானல் சூரியப் படங்களும் தூசியும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904ஆம் ஆண்டிலிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் இடம்கொடுத்த நாட்களில் எல்லாம் சூரியன் படமெடுக்கப்பட்டு வந்துள்ளது. ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே வகைக் கருவிகளால் இவ்வளவு நீண்ட காலம் எடுக்கப்பட்ட சூரியப் படத்தொகுப்புகள் உலகில் மிகச் சிலவே. இப்படங்களில் சூரியப் புள்ளிகள், ஒளிமிகு பகுதிகள், தீக்கொழுந்துகள் ஆகியவற்றுடன் அழையா விருந்தாளி ஒன்றும் பதிவாகியுள்ளது. அதுதான் தூசி. லென்ஸ் எனப்படும் வில்லையிலும், ஒளிபுகும் பிளவிலும், கண்ணாடித் தகட்டிலும், பிற்காலத்தில் மின்னணு உணரியிலும் படிந்த தூசியை ஆய்வாளர்கள் எப்படி இனங்கண்டார்கள், எப்படி விலக்கினார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இன்று கையில் கேமரா வைத்திருக்கும் மாணவர்களுக்கும் இந்த வரலாற்றில் பயன் உண்டு.

ஒரே ஆண்டு, ஒரே மலை

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருபவர்கள் கொடைக்கானல் நகரை அடைவதற்குச் சற்று முன்னால் செண்பகனூரைக் கடக்கிறார்கள். அங்கே இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி 1895இல் தொடங்கப்பட்டது. பழனி மலையின் செடிகொடிகள், பறவைகள், பூச்சிகள், பழங்காலச் சின்னங்கள் ஆகியவற்றைச் சேகரித்து வைத்த அருங்காட்சியகமும் அதனோடு வளர்ந்தது. அதே 1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மேலே கொடைக்கானலில், சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு சூரிய ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

ஒன்று மண்ணில் உள்ளதைத் திரட்டியது. மற்றொன்று விண்ணில் உள்ளதைப் பதிவு செய்தது. இரண்டுக்கும் கவலை ஒன்றே: திரட்டிய பொருள் கெடாமல் இருக்க வேண்டும். மேகம் வீட்டுக்குள் நுழைந்து வெளியேறும் ஊரில் உலர்ந்த இலையைக் காப்பதும் எளிதன்று, கண்ணாடித் தகட்டைக் காப்பதும் எளிதன்று.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம்

சூரியனைப் படமெடுக்க மலையுச்சியில் ஓர் ஆய்வகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை, நம் முன்னோர் பட்ட துயரத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்பர். பல லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்பது அப்போது அறியப்பட்டிருந்தது. புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் பொய்க்கிறதோ என்ற ஐயத்தை வானியலாளர் நார்மன் லாக்கியரும் ஆட்சிப்பணி அதிகாரி வில்லியம் ஹன்டரும் 1877இல் ஒரு கட்டுரையில் எழுப்பினர். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையை முன்கூட்டியே கணிக்கலாம் என்ற நம்பிக்கை அரசு வட்டாரத்திலும் பரவியது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இயங்கிவந்தது. சமவெளியின் புழுதியும் வெப்பத்தால் கலங்கும் காற்றும் சூரிய ஆய்வுக்கு ஒத்துவரவில்லை. ஆய்வகத்தின் வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடிக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் அமைந்த ஆய்வகம் 1899 ஏப்ரல் 1 அன்று முறையாகச் செயல்படத் தொடங்கியது. சமவெளிப் புழுதிக்கு மேலே போவது இந்த இடத்தேர்வின் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் மலையேறியதால் தூசி முழுவதும் விலகிவிடவில்லை. வானத்துத் தூசி குறைந்தது. கருவியின் தூசி கூடவே வந்தது.

புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கும் எண்ணம் எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. எனினும் அந்த எண்ணத்தால் தொடங்கிய நாள்தோறும் படமெடுக்கும் வழக்கம் நிலைத்தது. பஞ்சத்துக்கு விடைதேடிப் பிறந்த பதிவு என்பதால், அதில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் மெய்தானா என்ற கேள்வி முக்கியமாகிறது.

படங்கள் எடுக்கப்பட்ட முறை

கொடைக்கானலில் மூன்று வகைப் படங்கள் நீண்ட காலம் எடுக்கப்பட்டன.

முதலாவது, வெண்ணொளிப் படம். கண்ணுக்குத் தெரியும் சூரிய வட்டத்தை அப்படியே பதிவு செய்வது இது. 1918 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள வில்லையைக் கொண்ட தொலைநோக்கி இதற்குப் பயன்பட்டது. தகட்டில் சூரிய வட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. அகலத்துக்கு விழும்.

இரண்டாவது, கால்சியம் ‘கே’ படம். சூரிய நிறமாலையில் 3933.7 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் உள்ள ஒரு கோட்டின் ஒளியை மட்டும் பிரித்து எடுப்பது. 1904 முதல் 2007 வரை இவை கிடைக்கின்றன. மூன்றாவது, ஹைட்ரஜன்-ஆல்ஃபா படம். இது 1912இல் தொடங்கியது.

பின்னிரண்டு வகைகளையும் எடுக்க உதவியது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவி. அமெரிக்காவின் ஜார்ஜ் எல்லரி ஹேலும் பிரான்சின் ஆன்றி தெலாந்தரும் 1890களின் தொடக்கத்தில் தனித்தனியே இதை உருவாக்கினர். சூரியனைத் தொடரும் ஆடியொன்று ஒளியை ஒரே திசையில் அனுப்பும். கொடைக்கானலின் ‘கே’ கருவியில் அந்த ஆடியின் விட்டம் 46 செ.மீ. அதன்பின் 30 செ.மீ. வில்லை ஒன்று சூரியப் பிம்பத்தை 6 செ.மீ. அகலத்துக்கு உருவாக்கும். அப்பிம்பம் மயிரிழை போன்ற ஒரு பிளவின் மீது விழும். பிளவின் வழியே நுழையும் ஒளி நிறமாலையாகப் பிரியும். இரண்டாவது பிளவு ஒன்று ‘கே’ கோட்டை மட்டும் தகட்டுக்கு விடும். பிளவு சூரிய வட்டத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர, கோலம் போடுவதுபோல வரி வரியாகப் படம் உருவாகும்.

தூசி எங்கே விழுந்தது?

தூசியின் தீமையை அதன் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அது அமர்ந்திருக்கும் இடமே பெரிதும் முடிவு செய்கிறது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

30 செ.மீ. முன்வில்லையின் மேல் 1 மி.மீ. அகலமுள்ள தூசித் துகள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வில்லையின் பரப்பில் அது மறைப்பது ஏறத்தாழ 90 ஆயிரத்தில் ஒரு பங்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வில்லையின் முழுப் பரப்பிலிருந்தும் ஒளி வருவதால், அந்தத் துகள் படத்தில் தனிப் புள்ளியாகத் தெரியாது. படம் முழுவதிலும் உணரமுடியாத அளவுக்கு ஒளி குறையும், அவ்வளவே.

அதே துகள் பிளவில் மாட்டிக்கொண்டால் நிலைமை வேறு. பிளவின் ஓரிடத்தில் ஒளி தடைபடும். பிளவு நகர நகர அந்தத் தடையும் நகரும். கடைசியில் சூரிய வட்டத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேர்க்கோடு ஒன்று கீறப்பட்டிருக்கும். எழுதுகோலின் முனையில் மயிர் சிக்கினால் எழுத்தெல்லாம் இழுபடுவதைப் போன்றது இது. பழைய ‘கே’ படங்களில் காணப்படும் இணைகோடுகள் பல இவ்வகைப்பட்டவை. அவை சூரியனில் உள்ளவை அல்ல.

துகள் தகட்டின் மேலேயே விழுந்தால் என்ன ஆகும்? அங்கேதான் பிம்பம் உருவாகிறது. ஆகவே தூசியின் வடிவம் கூர்மையாக அப்படியே பதியும். 20 செ.மீ. வட்டத்தில் 1 மி.மீ. என்பது சூரியனில் ஏறக்குறைய 7000 கி.மீ. 0.2 மி.மீ. தூசி சூரியனில் 1400 கி.மீ. அகலமுள்ள கரும்பொட்டாகக் காட்சியளிக்கும். சூரியனின் சிறிய நுண்புள்ளிகளும் இதே அளவுதான். பூமியையே அந்தப் படத்தில் வைத்தால் 1.8 மி.மீ. அகலம்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சிட்டிகைப் புழுதி எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லும் என்பது புரியும்.

தூசி எப்போது விழுந்தது?

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். தகடு ஒளிபடுவதற்கு முன்பே தூசி அதன்மேல் இருந்தால், அந்த இடத்தில் ஒளி படாது. கழுவி எடுத்தபின் நெகட்டிவ் தகட்டில் அவ்விடம் தெளிந்த கண்ணாடியாக நிற்கும். சூரியப் புள்ளியும் ஒளி குறைந்த இடம் என்பதால் நெகட்டிவில் அதுவும் வெளிறியே தெரியும். எனவே ‘முந்திய தூசி’ சூரியப் புள்ளியின் வேடத்தைப் போடுகிறது.

தகட்டைக் கழுவி உலர்த்தியபின், அலமாரியில் இருந்த காலத்திலோ நகல் எடுக்கும் வேளையிலோ விழும் தூசி இதற்கு நேர்மாறானது. அது நெகட்டிவில் கூடுதலாக ஒளியை மறைக்கும். பாசிட்டிவாக மாற்றும்போது அவ்விடம் வெண்பொட்டாகும். ‘கே’ படங்களில் புள்ளிகளைச் சூழ்ந்துள்ள ஒளிமிகு பகுதிகள் வெண்மையாகத் தெரிபவை. ஆகவே ‘பிந்திய தூசி’ அவற்றின் துணுக்குகளைப் போல ஏமாற்றும். சூரிய வட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தால் தீக்கொழுந்தின் சிதறல்போலவும் தோன்றும்.

ஜெலட்டின் பூச்சில் நகம் பட்டு விழுந்த கீறல் மூன்றாவது வகை. அங்கே வெள்ளித் துகள்கள் உரிந்துபோவதால், பாசிட்டிவில் கருங்கோடாகத் தெரியும். ஒரு தகட்டைப் பார்த்தே அதன் வாழ்க்கையை ஓரளவு வாசித்துவிடலாம்: எது படமெடுக்கும் முன் நேர்ந்தது, எது பின் நேர்ந்தது, எது கைதவறியது என்று.

புள்ளியா, தூசியா?

ஆய்வாளருக்கு இதைப் பிரித்தறியச் சூரியனே உதவுகிறது. சூரியன் சுழல்கிறது. பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 27 நாட்கள். அதாவது ஒரு நாளைக்கு 13 பாகைக்குச் சற்று மேல். 20 செ.மீ. படத்தில் நடுப்பகுதியில் உள்ள புள்ளி மறுநாள் 2 செ.மீ.க்குச் சற்று அதிகமாக மேற்கு நோக்கி நகர்ந்திருக்கும். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு தகடுகளில்கூட 1 மி.மீ. அளவுக்கு இடப்பெயர்ச்சி இருக்கும். தகட்டில் விழுந்த தூசி அடுத்த தகட்டில் இருக்காது. கருவியில் ஒட்டிய தூசி எல்லாத் தகடுகளிலும் ஒரே இடத்தில் நிற்கும். முறையாக நகர்வது சூரியப் புள்ளி மட்டுமே.

வேறு சில சோதனைகளும் உண்டு. பெரிய சூரியப் புள்ளிக்குக் கருமையான நடுப்பகுதியும் அதைச் சூழ்ந்த மங்கிய விளிம்பும் இருக்கும். தூசிக்கு இந்த இரண்டு அடுக்கு இல்லை. சூரிய வட்டத்தின் ஓரத்தை நெருங்கும்போது புள்ளி ஒடுங்கி நீள்வட்டமாகும். தூசி எங்கிருந்தாலும் ஒரே வடிவம். சூரியப் புள்ளிகள் பெரும்பாலும் சூரிய நடுக்கோட்டிலிருந்து 40 பாகைக்குள் தோன்றும். துருவத்தருகே பெரும்புள்ளி தெரிந்தால் முதலில் தகட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவற்றுக்கு மேல், வேறு ஆய்வகத்தின் சாட்சியும் கிடைத்தது. இங்கிலாந்தின் கிரீனிச் ஆய்வகம் 1874 முதல் 1976 வரை சூரியப் புள்ளிகளின் பரப்பை அளந்து வெளியிட்டது. அங்கு மேகம் மூடிய நாட்களுக்கு நன்னம்பிக்கை முனை, மொரீசியஸ், கொடைக்கானல் போன்ற இடங்களின் படங்கள் இடைவெளியை நிரப்பின. கண்டம் விட்டுக் கண்டம் ஒரே தூசி விழ முடியாது. இரண்டு ஊர்களில் ஒரே நாளில் பதிவான புள்ளியை நம்பலாம்.

நிறமாலை ஆய்விலும் இதே எச்சரிக்கை தேவைப்பட்டது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்து ஆராய்ந்தார். புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிக் கிடைமட்டமாகப் பாய்வதைக் கண்டறிந்தார். இதுவே எவர்ஷெட் விளைவு என உலகெங்கும் அறியப்படுகிறது. அவருக்குச் சான்றாக நின்றது நிறமாலைக் கோடுகளின் நுண்ணிய இடப்பெயர்ச்சி. பிளவில் உள்ள தூசி நிறமாலை நெடுக ஒரு கருவரியைத் தீட்டும். எல்லா நிறங்களையும் ஒருசேர மங்கச் செய்யும். ஆனால் ஒரு கோட்டை அதன் அலைநீளத்திலிருந்து இடம்பெயர்க்க அதனால் இயலாது. இந்தத் தூசி வரிகள் அசையாமல் நிற்பதால் சில வேளைகளில் பயனும் உண்டு. நிறமாலை ஆய்வாளர்கள் பிளவின் குறுக்கே வேண்டுமென்றே மெல்லிய இழையைக் கட்டி, அதன் நிழலை அளவுக்குறியாக வைத்துக்கொள்வது வழக்கம்.

ஈரமும் பூஞ்சையும்

கோடையில் புழுதி தொல்லை தருகிறதென்றால், மழைக்காலத்தில் மலையில் தொல்லை தருவது பூஞ்சை. ஒளிப்படத் தகட்டின் பூச்சு ஜெலட்டினால் ஆனது. அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து பெறும் புரதம். பூஞ்சைக்கு அது விருந்து. வில்லையின் கண்ணாடியில் உணவில்லை என்றாலும், அதில் படிந்த தூசியிலும் விரல்ரேகை எண்ணெயிலும் பூஞ்சை வேர்பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் சிலந்திவலைபோல் பரவும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் போகாது. தூசியைத் துடைக்காமல் பெட்டியில் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விதை போட்டு வைப்பதற்குச் சமம்.

ஆடிகளுக்கு வேறு தொல்லை. வெளித்தளத்தில் பூசிய வெள்ளி காற்றுப்பட்டுக் கறுக்கும். 1930களில் வெற்றிடத்தில் அலுமினியம் பூசும் முறை பரவியபின் இந்தத் தொல்லை குறைந்தது. எனினும் வானத்தை நோக்கித் திறந்து கிடக்கும் ஆடியில் தூசி படிவதைத் தடுக்க வழியில்லை. 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்புவின் காலத்தில் கொடைக்கானலில் சுரங்கத் தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. அதன் 11 மீட்டர் உயரக் கோபுரத்தில் 60 செ.மீ. ஆடிகள் மூன்று உள்ளன. அவை ஒளியைக் கீழே இறக்கிச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. அங்கு 36 மீட்டர் குவியத்தொலைவுள்ள 38 செ.மீ. வில்லை, 34 செ.மீ. அகலச் சூரியனைக் காட்டுகிறது. இத்தகைய ஆடிகளை உரிய காலத்தில் கழுவுவதும் மறுபடி பூச்சுப் பூசுவதும் ஆய்வகத்தின் அன்றாடப் பணிகளில் அடங்கும். ஆய்வுக் கட்டுரைகளில் இப்பணி செய்பவர்களின் பெயர் வருவதில்லை.

தகட்டிலிருந்து கணினிக்கு

இந்திய வானியற்பியல் நிறுவனம் 1971இல் தன்னாட்சி நிறுவனமாக அமைந்தபோது கொடைக்கானல் ஆய்வகம் அதன் கீழ் வந்தது. 21ஆம் நூற்றாண்டில் பழைய தகடுகளை எண்முறைப் படங்களாக மாற்றும் பெரும்பணி அங்கே நடந்தது. ஒளிச்சீர்க் கோளம் ஒன்றிலிருந்து சமமாகப் பரவிய ஒளியைத் தகட்டின் பின்னாலிருந்து செலுத்தி, முன்னாலிருந்து 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட சிசிடி கேமராவால் படமெடுத்தார்கள். இரைச்சலைக் குறைக்க அந்த உணரி மைனஸ் 100 பாகை செல்சியசுக்குக் குளிரூட்டப்பட்டது. சிசிடி என்பது 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்தது. அதற்காக இருவருக்கும் 2009இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இப்போது தூசிக்கு இரண்டு வீடுகள்: ஒன்று தகடு, மற்றொன்று கேமரா. கேமராவின் உணரிக்கு முன்னால் ஒட்டிய தூசி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிழல் வீழ்த்தும். இதை நீக்கும் வழி எளிமையானது. தகடே வைக்காமல் சமவொளியை மட்டும் ஒரு படம் எடுக்க வேண்டும். அதில் தூசியின் நிழல்கள் மட்டும் இருக்கும். உண்மையான படத்தை இந்தச் சமவொளிப் படத்தால் வகுத்தால் நிழல்கள் மறைந்துவிடும். ஓரிடத்தில் தூசி 10 விழுக்காடு ஒளியைக் குறைத்திருந்தால், இரண்டு படங்களிலும் அதே 0.9 என்ற எண் இருக்கும். வகுக்கும்போது அது நீங்கிவிடும். தொடக்கப்பள்ளியில் கற்ற பின்னச் சுருக்கம் இங்கே வானியலுக்கு உதவுகிறது.

தகட்டின் மேலுள்ள தூசிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது தகட்டுக்குத் தகடு மாறுவது. அதை மென்தூரிகையால் நீக்கியபிறகே படமெடுக்க வேண்டும். கண்ணாடிப் பக்கத்தைச் சற்று அழுத்தித் துடைக்கலாம். ஜெலட்டின் பக்கத்தைத் தொடும்போது கை நடுங்கக்கூடாது. படமெடுத்தபோதே பதிந்துவிட்ட தூசியையோ துடைக்கவே முடியாது. அடுத்த நாள் தகட்டோடு ஒப்பிட்டுத்தான் அதைப் புறக்கணிக்க வேண்டும். அசையாத தூசிக்குக் கணக்கு, அசையும் தூசிக்குக் கை, பதிந்துவிட்ட தூசிக்கு ஒப்பீடு என்று மூன்று மருந்துகள்.

நம் கேமராவில் தூசி

நான் ஆசிரியர் பணியில் இருந்தபோது மாணவர்களைச் செண்பகனூருக்குக் கீழேயுள்ள வெள்ளி அருவிக்கு அழைத்துச் சென்றேன். அருவி நீர் பஞ்சுபோல வழியும்படி எடுக்க விரும்பி, வில்லையின் துளையை மிகச் சிறிதாக்கி மெதுவாகப் படமெடுத்தேன். வீடு திரும்பிப் பார்த்தால் அருவிப் படங்கள் எல்லாவற்றிலும் மேற்புறம் ஒரே இடத்தில் சாம்பல் நிறப் பொட்டு. துளையை அகலத் திறந்து எடுத்த மாணவர் குழுப்படத்தில் அது இல்லை. வில்லையை எத்தனை முறை துடைத்தும் பயனில்லை. தூசி வில்லையில் இல்லை, உணரியில் இருக்கிறது என்பது விளங்கச் சில நாட்கள் ஆயின.

காரணம் இதுதான். உணரியின் மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. தூசி அதன்மேல் அமர்கிறது. தூசிக்கும் உணரிக்கும் 2 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். எஃப்/2 என்ற அகலத் துளையில் ஒளிக்கூம்பு அந்த இடத்தில் 1 மி.மீ. அகலம் இருக்கும். சிறு தூசி அதில் ஒரு பகுதியைத்தான் மறைக்கும், நிழல் கரைந்துவிடும். எஃப்/16இல் கூம்பின் அகலம் 0.125 மி.மீ. மட்டுமே. அதே தூசி இப்போது பெரும்பகுதி ஒளியை மறைத்துக் கரும்பொட்டாகும். கொடைக்கானலின் ‘கே’ தொலைநோக்கி எஃப்/21. சுரங்கத் தொலைநோக்கி ஏறத்தாழ எஃப்/95. சூரிய ஆய்வாளர்கள் எப்போதும் சிறுதுளையிலேயே படமெடுப்பவர்கள் என்பதால் தூசி அவர்களை விடுவதில்லை.

படச்சுருள் காலத்தில் ஒரு படத்தில் விழுந்த தூசி சுருளோடு நகர்ந்துவிடும். உணரி நகர்வதில்லை. எனவே வில்லை மாற்றும்போது ஒருமுறை நுழைந்த தூசி, நீக்கும்வரை ஒவ்வொரு படத்திலும் இருக்கும். 2003இல் ஒலிம்பஸ் நிறுவனத்தின் இ-1 கேமரா, உணரிக்கு முன்னுள்ள கண்ணாடியை மிகுவேகத்தில் அதிரச்செய்து தூசியை உதறும் முறையை அறிமுகப்படுத்தியது. பின்னர் மற்ற நிறுவனங்களும் இதுபோன்ற முறைகளைக் கொண்டுவந்தன.

மாணவர்கள் தாமே செய்யக்கூடிய சோதனை இது. துளையை எஃப்/16க்குக் குறைத்து, குவியத்தை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ சூரியன் இல்லாத பக்கத்து வானத்தையோ ஒரு படம் எடுக்கவும். கேமராவைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. படத்தில் தெரியும் பொட்டுகள் உணரியின் தூசிகள். உணரியில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் தூசி, கேமராவின் வாய்க்குள் நேராகப் பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும். கேமராவைக் குனிய வைத்து, ரப்பர் ஊதியால் காற்றை அடித்தாலே பெரும்பாலான தூசி போய்விடும். வாயால் ஊதக்கூடாது. எச்சில் துளி தூசியைவிடக் கேடு. சட்டைத் துணியால் துடைப்பது கண்ணாடியில் நிலையான கீறலை விட்டுவிடும். ஒட்டிக்கொண்ட தூசியைப் பழகியவரிடம் கொடுத்து நீக்குவதே நல்லது. மலையூர்க்காரர்கள் கேமராவைத் தோல்பையில் மூடி வைக்காமல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா குருணைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் பூஞ்சைக்கு இடமிராது.

விதிக்கு ஒரு விலக்கு

முன்வில்லையின் தூசியால் தீங்கில்லை என்று மேலே கூறினோம். அதற்கு ஒரு விலக்கு உண்டு. சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடம், சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒரு பங்கே ஒளியுடையது. முழுச் சூரிய கிரகணத்தின்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிரான்சின் பெர்னார் லியோ 1930இல் பிக் து மிடி மலையில் கிரகணம் இல்லாமலே அதைக் காணும் கருவியை அமைத்தார். அவருக்குப் பெரும் எதிரி முன்வில்லைத் தூசிதான். ஒவ்வொரு துகளும் சூரிய ஒளியைச் சிதறடித்து மங்கிய ஒளிமகுடத்தை மூழ்கடித்துவிடும். குறையற்ற கண்ணாடியைத் தேடி எடுத்து, தூசி நீக்கி, தூய மலைக்காற்றில் நிறுத்தியதால்தான் அவர் வென்றார். எதிர்வெயிலில் காரோட்டும்போது முன்கண்ணாடியின் அழுக்கு திடீரென ஒளிர்ந்து பாதையை மறைக்கிறதே, அதே நிகழ்வுதான் இது.

2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் ஒளிமகுடத்தைப் பார்க்கும் கருவி உள்ளது. அதை உருவாக்கியது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில், வடிகட்டிய காற்று மட்டும் உலவும் தூய அறையில் அக்கருவி பொருத்தப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் ரப்பர் ஊதியோடு யாரும் போக முடியாது. தூசியைப் புறப்படும் முன்பே வெல்ல வேண்டும்.

பதிவின் நம்பகம்

கொடைக்கானல் படங்கள் இன்று இணையத்தில் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. கடந்த நூற்றாண்டில் சூரியன் எப்படி நடந்துகொண்டது என்பதை அறிய உலக ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். புள்ளிகளை எண்ணும் வேலையைக் கணினி நிரல்கள் செய்கின்றன. நிரலுக்குக் கரும்பொட்டு எல்லாம் ஒன்றே. எது சூரியன், எது தூசி என்று அதற்குக் கற்றுக்கொடுப்பவர் மனிதரே. அவர் அதைக் கற்றது, தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, மறுநாள் தகட்டை அருகில் வைத்து ஒப்பிட்ட பழைய உதவியாளர்களின் பழக்கத்திலிருந்து.

பஞ்சத்தில் மடிந்தவர்களுக்கு இந்த ஆய்வகம் விடை தரவில்லை. ஆனால் அந்தத் துயரத்தின் பெயரால் தொடங்கிய பதிவைக் கவனக்குறைவாக நடத்தாமல், ஒவ்வொரு தகட்டையும் துடைத்து, தேதியிட்டு, உறையிலிட்டு வைத்தவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். படத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், கண்டுபிடிப்பு என்று மகிழும் முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விட்டுச்சென்ற பாடம்.